பிக்கப் வண்டிக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாற்றினால் மைலேஜ் கூடுமா? கணக்கு என்ன சொல்கிறது?

கோடை வந்துவிட்டால் லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, டீசல் செலவு. இன்னொன்று, மேடு ஏறும்போது கூடவே ஏறும் டெம்பரேச்சர் முள். இந்த இரண்டுக்கும் ஒரே தீர்வு என்று ஒர்க்‌ஷாப்களிலும் வீடியோக்களிலும் அடிபடும் ஒரு யோசனை உண்டு. எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டில் சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு, கார்களில் இருப்பது போல எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடுவது. ‘மைலேஜ் 2 கிலோமீட்டர் கூடும், பிக்கப் எகிறும், வண்டி ஹீட்டே ஆகாது’ என்பதுதான் வழக்கமான வாக்குறுதி.

இதில் எவ்வளவு உண்மை? யாருக்கு லாபம்? யாருக்கு எஞ்சினே போய்விடும் ஆபத்து? சட்டம் இதை அனுமதிக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஞ்சினுக்கு ஃபேன் எதற்கு?

டீசலை எரித்துக் கிடைக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போய்விடும். இன்னொரு கணிசமான பங்கு எஞ்சின் உலோகத்தைச் சூடாக்கும். அந்தச் சூட்டை கூலன்ட் உறிஞ்சிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டு வரும். அங்கே காற்று பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்குள் போகும்.

வண்டி ஹைவேயில் 60 கி.மீ. வேகத்தில் போனால், எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். பெரும்பாலான நேரம் ஃபேனே தேவைப்படாது. சிக்னலில் நிற்கும்போதும், டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போதும், லோடோடு மலை ஏறும்போதும்தான் ஃபேன் வேண்டும். ஆக, ஃபேன் என்பது எப்போதும் வேண்டிய பொருள் அல்ல. ஆனால் வேண்டிய நேரத்தில் அது இல்லையென்றால் எஞ்சின் காலி.

பழைய ஃபேனில் என்ன பிரச்னை?

லோடு ஏற்றும் டீசல் பிக்கப்களில் எஞ்சின் பொதுவாக நீளவாக்கில் இருக்கும். அதன் மூக்கில் வாட்டர் பம்ப், அதன் மேல் ஃபேன், அதைச் சுற்ற ஒரு பெல்ட். எளிமையான ஏற்பாடு. எஞ்சின் சுற்றினால் ஃபேனும் சுற்றும். நம் ஊர் அம்பாசடர் காரிலும் இதே கதைதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் குறுக்குவாக்கில் வைக்கப்பட்டது. பெல்ட்டை ரேடியேட்டர் பக்கம் திருப்ப வழியில்லை. அதனால் அங்கே எலெக்ட்ரிக் ஃபேன் கட்டாயமானது. இன்று கார்களில் அதுதான் சகஜம்.

பெல்ட் ஃபேனின் பலவீனம் ஒரே ஒரு விதியில் அடங்கிவிடும். ஃபேனின் சுழற்சி இரண்டு மடங்கானால், அது இழுக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். உதாரணத்துக்கு, 1,500 ஆர்.பி.எம்.மில் அரை குதிரைத் திறன் எடுக்கும் ஒரு ஃபேன், 3,000 ஆர்.பி.எம்.மில் 4 குதிரைத் திறன் கேட்கும். கொடுமை என்னவென்றால், ஹைவேயில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஃபேன் தேவையே இல்லை. அப்போதுதான் அது அதிகமாகச் சாப்பிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ரொம்பத் தேவை. அப்போது எஞ்சின் ஐட்லிங்கில் இருப்பதால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும்.

இதைச் சமாளிக்க வந்ததுதான் விஸ்கஸ் ஃபேன். ஃபேனுக்கும் அதன் ஷாஃப்ட்டுக்கும் நடுவே கெட்டியான சிலிக்கான் திரவம் நிரப்பிய ஒரு கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரில் இருந்து வரும் காற்று சூடானால், முன்னால் இருக்கும் சின்ன உலோகச் சுருள் வளைந்து திரவத்தை உள்ளே விடும். ஃபேன் பிடித்துச் சுற்றும். காற்று ஆறினால் கிளட்ச் நழுவும், ஃபேன் மெதுவாகும். அதாவது, ‘தேவைப்பட்டால் மட்டும் சுற்று’ என்ற வேலையைக் கரன்ட் இல்லாமலே இது செய்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது நேரடி ஃபேனா, விஸ்கஸ் ஃபேனா என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். லாபக் கணக்கே இதில்தான் மாறுகிறது.

எலெக்ட்ரிக் ஃபேன் எப்படி மிச்சப்படுத்துகிறது?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. எலெக்ட்ரிக் ஃபேனுக்குக் கரன்ட் சும்மா கிடைப்பதில்லை. அதையும் எஞ்சின்தான் தருகிறது. பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்ற வேண்டும். நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது இதைத்தான். அது கரன்ட் தயாரிக்க வேண்டும். அந்தக் கரன்ட் மோட்டாரைச் சுற்ற வேண்டும். வழியில் ஆல்டர்னேட்டரிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவான சக்தி வீணாகிறது.

கணக்குப் போட்டால், 30 ஆம்பியர் இழுக்கும் ஒரு ஃபேன், 13.5 வோல்ட்டில் சுமார் 400 வாட். ஆல்டர்னேட்டர் இழப்பையும் சேர்த்தால் எஞ்சினிடம் இருந்து கிட்டத்தட்ட 700 வாட் போகும். அதாவது ஏறக்குறைய ஒரு குதிரைத் திறன்.

ஃபேன் நாள் முழுக்க ஓடினால், எலெக்ட்ரிக் ஃபேனால் பெரிய மிச்சம் இல்லை. மிச்சம் எல்லாம் அது ஆஃப் ஆகி நிற்கும் நேரத்தில்தான் வருகிறது. சமதளத்தில், காலி வண்டியாக அல்லது மிதமான லோடோடு, ஹைவேயில் ஓடும் நேரம் எவ்வளவோ, அவ்வளவுதான் லாபம்.

‘2 கிலோமீட்டர் கூடும்’ என்பது சாத்தியமா?

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். ஒரு பிக்கப் நாளைக்கு 100 கி.மீ., வருடத்துக்கு 300 நாள் ஓடுகிறது. மொத்தம் 30,000 கி.மீ. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருடச் செலவு 2,30,000 ரூபாய்.

மைலேஜ் 12-ல் இருந்து 14 ஆனால் சுமார் 357 லிட்டர் மிச்சம். அதாவது 14 சதவீதம், கிட்டத்தட்ட 33,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் லோடோடு போகும் சிறிய பிக்கப்புக்குத் தேவைப்படுவதே தோராயமாக 15 முதல் 20 குதிரைத் திறன்தான். அதில் 14 சதவீதம் என்றால் 2 முதல் 3 குதிரைத் திறன். பழைய ஃபேன் எந்த நேரமும் அவ்வளவு சாப்பிட்டுக்கொண்டு இருந்தால், புது ஃபேன் எந்த நேரமும் ஓடாமல் இருந்தால் மட்டுமே இது நடக்கும். நழுவி ஓடும் விஸ்கஸ் ஃபேன் அவ்வளவு எடுப்பதில்லை.

யதார்த்தமான மிச்சம் அரை முதல் ஒரு குதிரைத் திறன் என்று வைத்தால்கூட, அது ஃபேன் ஆஃப் ஆகும் நேரத்துக்கு மட்டும்தான். மொத்த ஓட்டத்தில் 2 முதல் 4 சதவீதம் கிடைத்தாலே நல்ல விஷயம். பணமாகச் சொன்னால் வருடத்துக்கு 4,600 முதல் 9,200 ரூபாய். நேரடி ஃபேன் இருந்த பழைய வண்டியில் இது கூடலாம். நன்றாக வேலை செய்யும் விஸ்கஸ் ஃபேன் இருந்தால், கையில் நிற்கும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் மொத்தச் செலவை இந்தத் தொகையோடு ஒப்பிட்டால், போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அமெரிக்காவில் கம்பெனியே மாற்றியதே?

ஆமாம். பிக்கப்புகளின் சொந்த ஊரான அமெரிக்காவில் இந்த மாற்றம் ரொம்பப் பிரபலம். பழைய செவ்ரோலே சில்வராடோ 1500 வண்டிகளில் பெல்ட் ஃபேன்தான் இருந்தது. 2005 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை எலெக்ட்ரிக் ஃபேனாக மாற்றியது. அதன் பிறகு பழைய மாடல் வைத்திருந்தவர்களும் அதே கம்பெனி ஃபேனை வாங்கி மாட்டத் தொடங்கினார்கள். வீடியோக்களில் காட்டப்படும் வெற்றிக் கதைகளில் நிறைய இந்த வகைதான்.

ஆனால் அந்த வீடியோக்கள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அதே கம்பெனி, அதே காலத்தில், அதிக எடை இழுக்கும் சில்வராடோ 2500 ஹெவி டியூட்டி வண்டியில் பெல்ட் ஃபேனையே வைத்துக்கொண்டது. ஏன்?

கரன்ட்தான் காரணம். பெரிய பெல்ட் ஃபேன் முழு வேகத்தில் 4 குதிரைத் திறனைக் காற்றாக மாற்றும் என்று வைப்போம். அதே 4 குதிரைத் திறனை 12 வோல்ட் சிஸ்டத்தில் மோட்டாருக்குக் கொடுக்க 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு சாதாரண பிக்கப்பின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே அதில் பாதிக்கும் குறைவு. ஹெட்லைட், ஏ.சி., ஹாரன் எல்லாம் அதிலிருந்துதான். நல்ல மூடியோடு பொருத்திய எலெக்ட்ரிக் ஃபேன் குறைந்த சக்தியிலேயே நன்றாகக் காற்று இழுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் லோடு அதிகமானால் ஒரு கட்டத்தில் அது பெல்ட் ஃபேனிடம் தோற்றுவிடும்.

கொல்லிமலையில் என்ன ஆகும்?

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் மலைப்பாதையில் 27. லோடு ஏற்றிய பிக்கப் இங்கே முதல் அல்லது இரண்டாவது கியரில்தான் ஏறும். எஞ்சின் வேகமாகச் சுற்றும். வண்டி மெதுவாக நகரும். அதாவது சூடு உச்சத்தில், எதிர்க்காற்று பூஜ்யம். பெல்ட் ஃபேன் முழு பலத்தோடு காற்று இழுப்பது சரியாக இந்த நேரத்தில்தான். சிறிய எலெக்ட்ரிக் ஃபேன் திணறுவதும் இதே நேரத்தில்தான்.

சென்னை மாதிரியான நகரத்தில் படம் தலைகீழ். கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி கடை கடையாக இறக்கும் வண்டி, பாதி நேரம் சிக்னலில் நிற்கும். பெல்ட் ஃபேன் அங்கே சோம்பேறித்தனமாகச் சுற்றும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு எஞ்சின் வேகம் ஒரு பொருட்டே இல்லை. நின்ற இடத்திலும் முழு வேகத்தில் காற்று இழுக்கும். ஏ.சி.யும் நன்றாகக் குளிரும்.

ஆக, கேள்வி ‘எது நல்ல ஃபேன்?’ என்பதல்ல. உங்கள் வண்டி எந்த ரோட்டில், எவ்வளவு எடையோடு, எந்த மாதத்தில் ஓடுகிறது என்பதுதான். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெளிக்காற்றே அவ்வளவு சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் ஆற அதிகக் காற்று வேண்டும். அனுமதித்த எடைக்கு மேல் லோடு ஏற்றும் வழக்கமும் சேர்ந்தால், கம்பெனி வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளி ஏற்கெனவே கரைந்திருக்கும். அதன் மேல் சிறிய ஃபேன் என்றால், ஒரே ஒரு மலை ஏற்றம் போதும். ஹெட் கேஸ்கெட் போனால் வண்டி பல நாள் ஷெட்டில் நிற்கும். அந்த நாட்களுக்கும் டியூ கட்டித்தான் ஆக வேண்டும். வருடம் முழுக்க மிச்சம் பிடித்த டீசல் காசு அந்த ஒரு பில்லிலேயே போய்விடும்.

வண்டி ஹீட் ஆவதற்குக் காரணம் ஃபேன்தானா?

பெரும்பாலும் இல்லை. மாற்றுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

• கூலன்ட்டுக்குப் பதில் வெறும் போர்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அதில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். எந்த ஃபேனாலும் அடைபட்ட ரேடியேட்டரை ஆற்ற முடியாது.

• தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்களா? ‘ஹீட் ஆகாது’ என்று சொல்லி இதைச் செய்யும் பழக்கம் இங்கே உண்டு. டீசல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் மைலேஜ் குறையும், தேய்மானமும் கூடும்.

• ரேடியேட்டர் மூடி சரியாக அழுத்தம் பிடிக்கிறதா? அந்த அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

• விஸ்கஸ் கிளட்ச் செத்துவிட்டதா? எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது ஆஃப் செய்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, துணி சுற்றிய கையால் ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று தானாக ஓடினால், கிளட்ச் நடுவில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், மாற்ற வேண்டியது அந்தக் கிளட்சைத்தான்.

பல வண்டிகளில் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியதும் பிரச்னை தீர்ந்ததற்குக் காரணம், செத்துப்போன விஸ்கஸ் கிளட்ச் வெளியே போனதுதான். புது கிளட்ச் போட்டிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

மாற்றியே ஆக வேண்டுமா? அப்போது கவனிக்க வேண்டியவை

இந்த வேலையில் ஃபேனைவிட முக்கியம் வயரிங். 30 ஆம்பியர் என்பது சின்ன விஷயம் அல்ல. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கரன்ட் இழுக்கும். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரடியாகக் கொடுத்தால் சுவிட்ச் உருகும். மெல்லிய வயரில் கொடுத்தால் வயரே தீக்குச்சியாகும். அதனால் கரன்ட் நேராக பேட்டரியில் இருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வழியாக, ரிலேவுக்கு வந்து, தடிமனான வயரில் ஃபேனுக்குப் போக வேண்டும். இரண்டு ஃபேன் என்றால் இரண்டுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். ஒன்று செத்தாலும் இன்னொன்று வீடு வரை கொண்டு சேர்க்கும்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் கூண்டு இல்லாமல் ஃபேனை மட்டும் மாட்டினால், இறக்கை இருக்கும் வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று போகும். மீதி ரேடியேட்டர் சும்மா இருக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் ஃபேன்தான் நல்லது. முன்னால் வைத்தால் ஹைவேயில் வரும் எதிர்க்காற்றையே அது மறைக்கும். ரேடியேட்டர் நடுவே பிளாஸ்டிக் டேக் குத்தி ஃபேனைக் கட்டும் முறையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அதிர்வில் குழாய் ஓட்டையாகும்.

மூன்றாவது சென்சார். எந்தச் சூட்டில் ஃபேன் ஓட வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்பதை கூலன்ட்டில் நேரடியாக மூழ்கியிருக்கும் சென்சார்தான் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வண்டி என்றால், ஃபேன் 92 முதல் 95 டிகிரிக்குள் ஓட ஆரம்பித்து 87 வாக்கில் நிற்பது போல வைக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவைவிடக் கீழே வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. மிச்சம் பிடிக்கும் நோக்கமே போய்விடும். டிரைவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தனி சுவிட்சும், ஃபேன் ஓடுகிறதா என்று காட்டும் ஒரு விளக்கும் அவசியம். பெல்ட் அறுந்தால் சத்தத்தில் தெரியும். எலெக்ட்ரிக் ஃபேன் சத்தமே இல்லாமல் சாகும்.

பி.எஸ்.6 வண்டிகளில் கை வைக்கலாமா?

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பே எஞ்சின் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. புகையைத் திருப்பி அனுப்பும் பாகத்தை ஆற்றுவதும் இதே கூலன்ட்தான். பல மாடல்களில் ஃபேன் கட்டுப்பாடும் எஞ்சின் கம்ப்யூட்டர் கையில். நடுவில் வயரை வெட்டி ஒட்டினால் செக் எஞ்சின் விளக்கு எரியலாம். வாரன்டி காலம் முடியாத வண்டியில் இதைச் செய்தால், கூலிங் தொடர்பான வாரன்டி கேட்டுப் போகும்போது சிக்கல் வரும். இதைத் தவிர்ப்பதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ரேடியேட்டர் ஃபேன் ஆர்.சி.யில் வரும் விவரம் அல்ல. எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், பாடி வகை, எடை போன்றவைதான் அதில் இருக்கும். வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் 52-வது பிரிவு ‘மாற்றம்’ என்று விளக்குகிறது. அந்த வகையில் ஃபேன் மாற்றம் இதற்குள் வராது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் நிஜமான சிக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அல்ல, இன்ஷூரன்ஸில்தான். வண்டி தீப்பிடித்தால் சர்வேயர் தேடுவது ஷார்ட் சர்க்யூட் எங்கே ஆரம்பித்தது என்பதைத்தான். வெளியே போட்ட வயரிங் என்று தெரிந்தால் க்ளெய்ம் இழுபறியாகும். வேலை செய்வதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

யாருக்கு சரி, யாருக்கு வேண்டாம்?

• நகரத்துக்குள் நின்று நின்று ஓடும், நேரடி பெல்ட் ஃபேன் உள்ள பழைய வண்டி: யோசிக்கலாம்.

• ஹைவேயில் மிதமான லோடோடு ஓடும் வண்டி: டீசல் மிச்சம் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான்.

• வார இறுதியில் காட்டுப் பாதைக்குப் போகும் இசுஸு வி-கிராஸ் மாதிரியான லைஃப்ஸ்டைல் பிக்கப்: தண்ணீரில் இறங்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்க முடிவது ஒரு வசதி. ஆனால் வாரன்டியைப் பாருங்கள்.

• அதிக லோடு, மலைப் பாதை, ட்ரெய்லர்: வேண்டாம். விஸ்கஸ் ஃபேனை நல்ல நிலையில் வைத்திருங்கள்.

• நன்றாக ஓடும் பி.எஸ்.6 வண்டி: கை வைக்காதீர்கள்.

முதலில் ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் மாற்றி, தெர்மோஸ்டாட்டும் விஸ்கஸ் கிளட்சும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு மாதம் டேங்க் நிரப்பி மைலேஜைக் குறித்து வையுங்கள். டயரில் காற்று சரியாக இருந்தால் அதிலேயே ஒரு மிச்சம் தெரியும். அதற்குப் பிறகும் எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் கையில் இருக்கும் அந்த எண்களை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் பேசுங்கள். ‘2 கிலோமீட்டர் கூடும்’ என்று அவர் சொன்னால், எந்த ரோட்டில், எந்த லோடில் என்று கேளுங்கள்.